அம்மாவின் காலை எடுக்க யாரைக் கேட்பது

சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இளம் டாக்டர் ஒருவர், அட்டையில் செருகிய தாளை என்னிடம் நீட்டி, "நீங்கதான பையன்? இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுப்பதற்கான சம்மதத் தாள் அது. நான் பேனாவை வாங்கவில்லை.

"மாமா வரோணுங்க" என்றேன்.

"எந்த மாமா?"

"எங்கம்மாவோட தம்பிங்க."

"அவரு எதுக்கு?"

எங்கள் பக்கத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, "அவரு வந்து என்னத்தக் கிழிக்கப் போறாராம்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். அவள் அந்த மாமாவின் மகள்தான்.

"விஷம் மேல ஏறிக்கிட்டிருக்கு. நாளைக்குக் காலைல மொதல் ஆபரேசனா எடுத்துக்கலாம். அதுக்கு மேல தள்ளிப்போட்டா காலோட நிக்காது. உசுருக்கே ஆபத்து. சீக்கிரம் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள். அம்மா, உடம்பு முடிந்த மட்டும் அங்கே காப்பிப் பழம் பறித்தாள். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தேன். இப்போது சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி, அவற்றில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பறிக்கிறேன். மரத்தில் ஏறிவிட்டால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. அம்மா எங்களோடுதான் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் இருக்கிறாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. மார்கழிக் குளிரில் நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காய்வது எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சூடு அதிகமானால் கால் தானாகப் பின்னுக்கு வந்துவிடும். அம்மாவின் கால் வரவில்லை. தீய்ந்த வாடை வந்து மனைவி ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா, "அடுப்புல என்னமோ கருகுது பாரு" என்றாளாம். கொப்புளம் உடைந்து புண்ணானது. ஏற்காட்டில் கட்டுப் போட்டார்கள். ஆறுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது, காய்ச்சல் வந்தது. ஆம்புலன்சில் கொண்டைஊசி வளைவெல்லாம் இறங்கி, சேலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வழக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் புருசன் வீட்டில் எத்தனை காலம் வாழ்ந்தாலும் அவளுடைய உடம்புக்குப் பிறந்த வீடுதான் பொறுப்பு. அவள் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடித் துணி வர வேண்டும். அது வராமல் குளிப்பாட்ட மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். எங்கள் லைனில் ஒரு அம்மாள் இறந்தபோது, அவளுடைய அண்ணன் வந்த பஸ் மலையில் பழுதாகி நின்றுவிட்டது. அவர் கோடித் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி, வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொன்ன அன்றைக்கும் நான், "அவங்கப்பாவக் கேட்டுக்குங்க" என்றுதான் சொன்னேன். மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார், சரி என்றார், முடிந்துவிட்டது. அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அம்மாவின் காலுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். மகன் என்பவன் சோறு போடலாம், மருந்து வாங்கித் தரலாம். வெட்டச் சொல்ல அவன் யார்?

மாமா அதே மலையில் கொட்டச்சேட்டில், அம்மாவின் பிறந்த வீட்டுக் காப்பிக் காட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். போன் செய்ததும் பஸ் ஏறி, மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் யாரிடமோ வாங்கிய பச்சிலை.

"மாப்ள, கையெழுத்து கிய்யெழுத்து போட்டுப்போடலீல்ல?"

"இல்லீங்க மாமா."

"நல்லதாப் போச்சு."

உள்ளே போய் அம்மாவின் தலைமாட்டில் நின்று, "என்னக்கா, இப்புடிப் படுத்துட்ட? புண்ணக் கழுவி உட்டுருவாங்க, நாளான்னிக்கு ஊட்டுக்குப் போயிரலாம்" என்றார். நாங்களும் அம்மாவிடம் அதையேதான் சொல்லி வைத்திருந்தோம். புண்ணைக் கழுவப்போகிறார்கள், அவ்வளவுதான் என்று. வெளியே வராண்டாவுக்கு வந்ததும் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுக்கக் கூடாது மாப்ள. எங்க பக்கத்து எஸ்டேட்டுல ஒரு ஆளு. மொதல்ல வெரலுன்னாங்க. அப்பறம் பாதமுன்னாங்க. அப்பறம் தொடையின்னாங்க. கடைசீல ஆளே இல்ல. வெட்ட ஆரம்பிச்சா நிக்காது."

"அந்த ஆளு சக்கர மாத்தரைய வாங்கிக் கோழிக்குப் போட்டாரு. அதையும் சேத்துச் சொல்லுங்கப்பா" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு கண்ணு. பெரியவங்க பேசறப்ப."

"எம் மவளுக்கே கல்யாணம் ஆயாச்சு. நான் இன்னும் எப்பத்தான் பெரியவளாவறது?"

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. "முழுசாத்தான் கட்டிக்குடுத்தோம். முழுசாத்தான் அனுப்போணும். நாளைக்கு அக்காவுக்கு ஒண்ணு ஆயி, குளிப்பாட்டறப்ப, ஏம்ப்பா ஒரு கால் எங்கேன்னு நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்லறது?"

"ஆஸ்பத்திரில இருக்குது, போய் வாங்கிக்குங்கன்னு சொல்லுங்க."

பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் அதெல்லாம் கிடையாது. அப்பனும் மகளும் சண்டை போட்டால் பக்கத்து லைனே வேடிக்கை பார்க்கும்.

"பொறந்த ஊடுன்னு ஒண்ணு இருக்குது கண்ணு."

"நானும் அந்த ஊட்டுப் பொண்ணுதான். நான் சொல்றேன், எடுக்கட்டும்."

"நீ கட்டிக்குடுத்தவ. உம் பேச்சு இங்க செல்லாது."

"அத்தையுந்தான் கட்டிக்குடுத்தவங்க. அவங்களுக்கு மட்டும் நீங்க சொல்றது எப்படிச் செல்லும்?"

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சொல்லு." மனைவியும் திரும்பினாள். "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

"டீ வாங்கிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிப் போய்விட்டேன்.

டீயோடு திரும்பி வந்தபோது மாமா ஒரு மூலையில், மனைவி ஒரு மூலையில். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டே, "உங்களுக்குப் பசிச்சாலும் எங்கப்பனக் கேட்டுட்டுத்தான் சாப்புடுவீங்களா?" என்றாள். அவளுக்குக் கோபம். கோபத்துக்குக் கீழே பயம். அம்மாவைக் குளிப்பாட்டுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் அவள்தான். பாதத்தின் நிறம் மாறுவதை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

எனக்கு இருந்த பயம் வேறு. கையெழுத்துப் போட்டு அம்மா பிழைக்காவிட்டால் வெட்டிக் கொன்றவன் நான். போடாமல் பிழைக்காவிட்டால் விட்டுக் கொன்றவன் நான். எப்படிப் பார்த்தாலும் அந்தத் தாளில் என் பெயர்தான் இருந்தது. மாமா வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. வேறு யாரோ சொல்லிவிட்டார்கள் அல்லவா? அந்த ஆறுதல் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் கரைந்துவிடும். வாடை அப்படி.

அன்றைக்குப் பச்சிலையை மனைவி குப்பைக் கூடையில் போட்டாள். மாமா அதை எடுத்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார். விடியும்வரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் பெரிய டாக்டர் வந்தார். நரைத்த தலையோடு ஒரு அம்மா. கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் அம்மாவிடம் வந்ததும் காலில் இருந்த கட்டைத் தொட்டுப் பார்த்தார். "இவங்கள ஏன் இன்னும் தியேட்டருக்கு அனுப்பல?" என்று அந்த இளம் டாக்டரைக் கேட்டார். அவர், "சொந்தக்காரங்க சம்மதம் தரல மேடம். இவங்க தம்பி ஒத்துக்கலையாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

பெரிய டாக்டர் வராண்டாவுக்கு வந்தார். "யாரு தம்பி?"

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நானுங்க."

"நீங்க?"

"பையனுங்க" என்றேன்.

"அந்தம்மாவுக்கு நெனவு நல்லா இருக்கா? பேசறாங்களா?"

"நொம்ப நல்லாவே பேசுவாங்க" என்றாள் மனைவி.

"சரி, கேட்டீங்களா?"

"யாரையுங்க?" என்றார் மாமா.

"அவங்களத்தான். கால் அவங்களோடதுதான?"

நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். அவர் இளம் டாக்டரைப் பார்த்தார். "நீங்களும் கேக்கலையா?" அவர் தன் செருப்பைப் பார்த்தார். படித்தவர்களுக்கும் தரையைப் பார்க்க வரும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. எங்களை உட்காரச் சொன்னார். "ஒருத்தருக்கு நெனவு இருந்து, நாம சொல்றது புரிஞ்சு, பதில் சொல்லவும் முடிஞ்சா, அவங்க ஒடம்புக்கு அவங்கதான் சம்மதம் சொல்லணும். சட்டம் அதுதான். பையன் போட்டாலும் அது அவங்க சம்மதம் ஆகாது. தம்பி தடுத்தாலும் அது தடை ஆகாது. அவங்க வேண்டாம்னு சொன்னா நான் தொட மாட்டேன். வேணும்னு சொன்னா நீங்க யாரும் நிறுத்த முடியாது. நீங்க போடற கையெழுத்து, கூட இருந்தோம்னு காட்டறதுக்குத்தான்."

"அவளுக்கு என்னங்க தெரியும்? சொன்னாப் பயந்துபோயிருவா" என்றார் மாமா.

"உங்கள விடவா பயந்துருவாங்க?"

சட்டம் என்றால் பிடித்துக்கொண்டு போவது என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அது ஒருவனை விட்டுவிடவும் செய்யும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் வரும்போது யாரோ பின்னாலிருந்து வந்து தூக்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கழுத்துகூட லேசானது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. முந்தின நாள் முழுக்க அம்மாவுக்கு நாலடி தள்ளி நின்று அம்மாவின் காலைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

பெரிய டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். அவர் எதையும் மறைக்கவில்லை. பாதம் செத்துவிட்டது, அதிலிருந்து விஷம் ரத்தத்தில் கலக்கிறது, காலை எடுத்தால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஆபரேசனிலும் ஆபத்து உண்டு என்றார். அம்மா அழவில்லை. எஸ்டேட்டில் கூலி பேசும்போது கேட்கிற மாதிரி கேட்டாள்.

"முட்டிக்கு மேலயா, கீழயா?"

"கீழ. இன்னும் தள்ளிப்போட்டா மேல."

"முட்டி மடங்குமுங்களா?"

"மடங்கும்."

"அப்பக் கட்டல்ல காலத் தொங்கப்போட்டு உக்காரலாம்."

"உக்காரலாம். புண்ணு நல்லா ஆறினப்பறம் செயற்கைக் கால் போட்டு நடக்கவும் முயற்சி பண்ணலாம்."

"எடுக்கலீன்னா?"

"சில நாள்தாம்மா."

அம்மா போர்வையைக் கையால் தள்ளினாள். பிறகு, "கட்டப் பிரிங்க. நான் பாக்கோணும்" என்றாள். அவள் பாதத்தை அவள் பார்த்தே பல நாள் ஆகியிருந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் நாங்கள் போர்வையைத் தூக்கிப் பிடித்து மறைத்துக்கொள்வோம். நர்ஸ் பிரித்தாள். மாமா வெளியே போய்விட்டார். அம்மாவின் தோளை மனைவி தாங்கிக்கொள்ள, அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"இது எனக்கு ஆவாது" என்றாள். பிறகு மனைவியிடம், "நீ கழுவி உடுவியா?"

"இப்ப மட்டும் யாரு கழுவறாங்க? எங்கப்பனா?"

அம்மா சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்ன சாமி சொல்ற?" என்றாள்.

"நீ சொல்றதுதாம்மா."

"எப்பவும் இதையேதான் சொல்லுவான்" என்று டாக்டரிடம் சொன்னாள். "எடுத்துருங்க. தம்பியக் கூப்புடுங்க."

மாமா வந்து கால்மாட்டில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"என்னடா அழுவறயா?"

"இல்லக்கா. முழுசா..."

"எங் காலுக்கு எங்கிட்டக் கேக்காம நீ எப்புடிடா காவலுக்கு உக்காந்த?"

"பொறந்த ஊட்டுக்குன்னு ஒரு பொறுப்பு இருக்குதில்லக்கா. நாளைக்கு நாலு பேரு..."

"அந்த நாலு பேருக்கு நான் செத்தப்பறம் பதில் சொல்லிக்கலாம்." அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சரி, பொறந்த ஊட்டுக்குச் சேர வேண்டியதுங்கற. எடுத்தத நீயே கொண்டுபோ. நம்ம காட்டுல பொதச்சுப்போடு. மிச்சம் இருக்கறது எனக்கு வேணும்."

மாமா டாக்டரைப் பார்த்தார். "தருவீங்களா?"

"எழுதிக் குடுத்தாத் தருவோம். ஆழமாப் பொதைக்கணும்" என்றார் டாக்டர். இந்த மாதிரிக் கேட்கிறவர்கள் அவருக்குப் புதிது இல்லை போலிருக்கிறது.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் கைரேகையே வைக்கிறேன் என்றாள். "கையெழுத்த வேற யாராவது போட்டுட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்று தம்பியைப் பார்த்துக்கொண்டே மையில் விரலைத் தேய்த்தாள். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். கூட இருந்தேன் என்பதற்கு.

அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு மாமாவைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம். இளம் டாக்டர் வெளியே வந்து, "நல்லா முடிஞ்சுது. ரத்தம் அதிகம் போகல. பயப்படாதீங்க" என்று சொன்ன நேரத்தில் மாமா படியேறி வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. புதுச் சேலை.

"இது எதுக்குங்கப்பா?" என்றாள் மனைவி.

"கோடி."

"காலுக்கா?"

"அக்காளோட ஒடம்புதான? சும்மா எப்புடிக் கொண்டுபோறது?"

மனைவி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே அந்தச் சேலையைப் பிரித்து மடித்துக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் எடுத்த காலைக் கெட்டியான பையில் கட்டி, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். மாமா அதன் மேல் சேலையைச் சுற்றி, தெரிந்தவர் ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறினார். நான் போகவில்லை. அம்மா கண் விழிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

கண் விழித்ததும் அம்மா முதலில் தலையைத் தூக்கிப் போர்வையைப் பார்த்தாள். ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள். பிறகு, "குழி ஆழமாத் தோண்டுனானா?" என்றாள்.

மாமா மறுநாள் வந்து எல்லாம் சொன்னார். காப்பிச் செடிகளுக்கு நடுவில் இடுப்பளவு குழி தோண்டியிருக்கிறார். பன்றி கிளறாமல் மேலே கல் பாவியிருக்கிறார். "தலைக்குக் குளிச்சுட்டேன். இதுக்குத் தீட்டு உண்டா இல்லையான்னு தெரியல மாப்ள. யாரக் கேக்கறதுன்னும் தெரியல" என்றார்.

"அத்தையக் கேளுங்க" என்றாள் மனைவி.

கேட்டார். தீட்டெல்லாம் கிடையாது, போய்ச் சாப்பிடு என்றாள் அம்மா.

காய்ச்சல் இறங்கியது. அப்புறம் சோறு இறங்கியது. அம்மா பழையபடி பக்கத்துக் கட்டில்காரரின் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்ததும் இனி பயமில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும் முன்னால் பெரிய டாக்டர், சிறுநீரகமும் பலவீனமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைக் கேட்டதும் அம்மா விடவில்லை.

"அடுத்த தடவ எனக்கு நெனவு இல்லாமப் போச்சுன்னா என்னங்க பண்றது? இவங்க மூணு பேரும் மறுபடியும் வராண்டாவுல நிப்பாங்க."

அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கலாம், அதைச் சொல்ல ஒருவரை நியமிக்கலாம், அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றார் டாக்டர்.

ஏற்காட்டில் நோட்டரி வேலையும் பார்க்கிற ஒரு வக்கீலம்மாவைக் கேட்டோம். கேட்டது மனைவிதான். நான் வாசலில் நின்றேன். அம்மாவால் வர முடியாது என்றதும் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வீட்டுக்கு வந்தார். சாட்சிக்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரும் நாகலூர் மளிகைக்கடைக்காரரும். மாமாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வக்கீலம்மா நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு நெனவு இருக்கற வரைக்கும் இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்ல. தீராத நோய் வந்து, நீங்களே பேச முடியாம, இனி மெஷின்ல வைக்கறதா வேண்டாமாங்கற நெலமை வந்தா மட்டுந்தான் இது. அப்பவும் டாக்டருங்க கூடிப் பாத்துத்தான் செய்வாங்க. நீங்க எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், கிழிச்சும் போட்டுரலாம்." பிறகு என்னைப் பார்த்து, "பையன் பேரத்தான எழுதறது?" என்றார்.

"அவன் வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவன எழுதினா அவன் எந் தம்பியக் கேப்பான். எந் தம்பி அழுவான். நடுவுல நான் கெடப்பேன்." மனைவியைக் காட்டினாள். "இவ பேர எழுதுங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. பெற்ற பிள்ளை நான்தானே? ஆனால் அது அந்த நேரத்துக்குத்தான். அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"எழுதட்டும், எழுதட்டும்" என்றார் மாமா. "அவளும் எங்க ஊட்டுப் பொண்ணுதான்."

"அன்னிக்கு மட்டும் கட்டிக்குடுத்தவன்னீங்க" என்றாள் மனைவி. ஆனால் அவள் குரலில் வழக்கமான வேகம் இல்லை. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். "அத்தை, எனக்கு மட்டும் பயமிருக்காதா? நாளைக்கு நான் ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போயிட்டா?"

நான் ஆஸ்பத்திரியில் பட்டதைத்தான் அவளும் சொன்னாள். வாயாடுகிறவர்களுக்கும் அது உண்டு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம் கண்ணு. முடிவு நான் இப்பச் சொல்லிடறேன். கொழாயும் மெஷினும் வெச்சு என்னய மாசக்கணக்காக் கெடத்த வேண்டாம். வலி தெரியாம மருந்து குடுக்கட்டும். நீங்க பக்கத்துல இருங்க. இவ்வளவுதான். அன்னிக்கு எல்லாருஞ் சேந்து வேற வேற பேசுவாங்க. அப்ப நான் சொன்னத நீ சத்தமாச் சொன்னாப் போதும். அதுக்குத்தான் உன்னய எழுதச் சொல்றேன். உனக்கு வாய் இருக்குது."

மனைவி தலையாட்டினாள். வக்கீலம்மா அம்மா சொன்னதை அப்படியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டினார். அம்மா ஒரு இடத்தில் நிறுத்தி, "பக்கத்துல இருங்கன்னு சொன்னனே, அதைக் காணமே" என்றாள். அதையும் சேர்த்தார். அம்மா கையெழுத்துப் போட, ரைட்டரும் கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். என்னை யாரும் எதிலும் போடச் சொல்லவில்லை.

காகித வேலை முடிந்ததும் மனைவி எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சக்கர போடு."

"போட மாட்டேன். இப்பத்தான் ஒரு காலு போயிருக்குது."

அம்மா வக்கீலம்மாவிடம் திரும்பினாள். "ஏனுங்க, எனக்கு இப்ப நெனவு இருக்குதுங்களா?"

"நல்லாவே இருக்குங்க."

"அப்ப இவ பேச்சு இன்னிக்குச் செல்லாதுங்களே?"

வக்கீலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னிக்குச் செல்லாதுங்க" என்றார்.

"கேட்டியா? போடு."

மனைவி முணுமுணுத்துக்கொண்டே கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்துப் போட்டாள். இது என்ன, எறும்புக்கா என்றாள் அம்மா. டாக்டர் சொன்னதை மறந்துட்டியாக்கா என்று மாமா ஆரம்பித்தார். ரைட்டர் தன் அம்மாவின் சர்க்கரையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் காப்பியைக் கடைசிவரை குடித்தேன்.